ஆபரேஷன் ஒரு நாள், வீட்டு வேலை ஆறு வாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அறிகுறியில் தொடங்கி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. கூட இருக்கிறவர்களுக்கு வேலை ஆரம்பிப்பதே அங்கேதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் சேலம், வேலூர், அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை, பெங்களூரு கித்வாய் என்று வெளியூர் போய்த் தங்கி ஆபரேஷன் செய்துகொள்கின்றன. கையில் ஒரு டியூபோடும் ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் தாளோடும் ஊர் திரும்புகின்றன. அந்தத் தாளில் இல்லாதவற்றை எழுதுகிறோம். நோயாளியைவிட, அவரைப் பார்க்க ஆப்பிள் பையோடு வருகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

ஆபரேஷன் தேதி கிடைத்தவுடன் செய்ய வேண்டியது வேலைகளைப் பிரிப்பது. வார்டில் இருக்க இரண்டு பேர், முறை மாற்றி. ரிப்போர்ட், காப்பீடு, ரத்தம் என்று அலைய ஒருவர். ஊரில் வீட்டைப் பார்க்க ஒருவர். போன் எடுக்க ஒருவர். அவர் வார்டில் இருப்பவராக இருக்கக் கூடாது. ஒரே ஆளை ஏழு நாள் வார்டில் விட்டால், நாலாம் நாள் அவருக்கே மயக்கம் வரும், மாத்திரை வேளை மாறும். மனைவியோ மகளோதான் இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பகலில் எட்டு மணி நேரம் மைத்துனரோ பெரியப்பா மகனோ இருந்தால் அந்த அம்மா குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருவார். ஆண்கள் வார்டில் பெண் துணை இரவில் தங்க முடியாத மருத்துவமனைகளும் உண்டு. அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கிறவர் வேலை சின்னதல்ல. கறவை மாடு இருந்தால் காலையும் மாலையும் கறந்து சொசைட்டியில் ஊற்ற ஆள் வேண்டும். பட்டுப்புழு வளர்க்கும் வீடாக இருந்தால் தேதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலாம் தோலுரிப்பு முடிந்த பிறகு வருகிற ஒரு வாரத்தில்தான் புழு தன் வாழ்நாள் இலையில் பெரும்பங்கைத் தின்கிறது. ஆபரேஷன் அந்த வாரத்தில் விழுந்தால், ஒன்று பக்கத்துத் தோட்டக்காரர் முழுப் பொறுப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த முறை இளம்புழு வாங்குவதையே விட்டுவிட வேண்டும். தக்காளி பறிக்கும் பருவம், மாங்காய் இறங்கும் மாதம், மகளிர் குழுவின் வாரத் தவணை, பிள்ளைகளின் பள்ளி வேன், இவற்றில் ஒன்றை ஒரு மாதத்துக்கு யாராவது தலையில் போட்டுக்கொண்டால் அதுதான் உதவி. "எதுன்னாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது உதவியில் சேராது. கஷ்டத்தில் இருப்பவர் எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். "செவ்வாய்க்கிழமை தவணையை நான் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள்.

காகித வேலைக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால் பெயரில். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து. கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். பாட்டியின் பெயரை எப்போதோ நீக்கியிருப்பார்கள். இதையெல்லாம் படுக்கை கிடைத்த பிறகு சரிசெய்ய முடியாது. பயாப்சிக்கு (சோதனைக்கு) சதை கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் கார்டைப் பாருங்கள். இது ரொக்கமில்லாத் திட்டம்: மருத்துவமனை விண்ணப்பம் அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகுதான் ஆபரேஷன். முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். போகிற மருத்துவமனை, அதிலும் மாநில எல்லை தாண்டிய மருத்துவமனை, அந்தக் குறிப்பிட்ட ஆபரேஷனுக்கு அட்டையை ஏற்குமா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும், மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலும், இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். அட்டை இருந்தாலும் போக்குவரத்து, துணை இருப்பவர் சாப்பாடு, அறை வாடகை எல்லாம் கைக்காசுதான்.

ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே இல்லை என்பது வேறு கதை. சென்னை, காட்பாடி போகிறவர்கள் ஜோலார்பேட்டைக்கோ மொரப்பூருக்கோ பஸ் பிடித்துப் போய்த்தான் இந்தச் சலுகையை அனுபவிக்க வேண்டும்.

ஒரே பைலில் எல்லாவற்றையும் வையுங்கள். பயாப்சி ரிப்போர்ட் மட்டும் போதாது. சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைகள் அவற்றைத் தாங்களே மறுபடி பார்க்கும். இல்லையென்றால் இன்னொரு முறை சதை எடுக்க வேண்டிவரும். ஸ்கேன் படத்தோடு சிடியும் வேண்டும். வெயிலில் காரின் பின்சீட்டில் பிளாக்கை விட்டுப் போனால் மெழுகு உருகும்.

இனி நோயாளியிடம் பேசுவது. "கட்டி, எடுத்தா சரியாப் போயிடும்" என்று சொல்லி மறைக்கும் வீடுகள் அதிகம். ஆனால் ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் நோயாளி. வார்டு வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாம் சொல்லிவிடுவார். அப்படித் தெரிந்துகொள்ளும்போது நோயைவிட, வீட்டார் ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் அவரை அழுத்தும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் நம்பமாட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "டாக்டர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேளுங்கள். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். வயிற்றில் பை வைப்பார்களா, தொண்டையில் ஓட்டை போடுவார்களா, மார்பு முழுவதும் எடுப்பார்களா, அது தற்காலிகமா நிரந்தரமா என்பதை மட்டும் கண்டிப்பாக முன்பே சொல்ல வேண்டும். மயக்கம் தெளிந்து கைவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

"கத்தி பட்டா பரவிடும்" என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் ஓயவில்லை. தாமதமாக வந்து, திறந்து பார்த்தபோதே பரவியிருந்தவர்களைப் பார்த்து உண்டான பேச்சு அது. அந்தப் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, எடுத்திருக்கக்கூடிய கட்டி எடுக்க முடியாததாகிவிடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் இதைச் சொல்லாமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

மயக்க டாக்டரிடம் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டிக் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்தினால் ஆபத்து. ஆகவே நிறுத்தும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சில புதிய சர்க்கரை மாத்திரைகளும் மூன்று, நான்கு நாள் முன்பே நிறுத்த வேண்டியவை. சூரணம், லேகியம், கஷாயம் சாப்பிட்டால் திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். பீடி, ஹான்ஸ், வெற்றிலைப் புகையிலை நான்கு வாரத்துக்கு முன்பே நின்றால் நுரையீரலில் சளி கட்டுவதும் தையல் விடுவதும் குறையும். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றாலும் நிறுத்துவது நல்லதே. நோயாளியை நிறுத்தச் சொல்லிவிட்டு வார்டு வாசலில் நின்று புகைக்கும் மகன்களை என்ன சொல்வது.

காத்திருக்கும் நாட்களில் உடம்பைத் தேற்ற வேண்டும். புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் தேவை. 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ராகிக் களியில் சுண்ணாம்புச் சத்து தாராளம், ஆனால் 100 கிராம் ராகி மாவில் புரதம் 7 கிராம்தான். களிக்குத் தொட்டுக்கொள்வதில்தான் கணக்கு இருக்கிறது. அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளுக் கடையல், முட்டை ஒன்றுக்கு 6 கிராம், ஒரு டம்ளர் பாலுக்கு 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலைக்கு 7 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கி வருகிற பழப்பையில் புரதம் இல்லை. பதிலாக ஒரு தட்டு முட்டை வாங்கிக்கொண்டு போங்கள்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்பே வாங்கிப் பழக்க வேண்டும். பத்துப் பேரில் பலர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக உறிஞ்சி, பந்தை மேலே இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, பிறகு வாயை எடுத்து மூச்சை விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை. ஆபரேஷன் வலியில் ஆழ மூச்சு விடாமல் படுத்துக் கிடந்தால் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கி நிமோனியா வரும். அதைத் தடுப்பது இந்தப் பந்துகள்தான்.

ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து வேன் வைத்து ஆள் கூட்டிப் போவார்கள், பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள். காரணங்கள் எளியவை. வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்களுக்குக் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். முந்தின இரவு குடித்திருக்கக் கூடாது. காலையில் சாப்பிட்டிருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் வண்டி ஏறியவர்தான் ஊசி எடுத்ததும் மயங்கி விழுகிறார். எடுத்த ரத்தத்துக்குப் பதிலாகக் கொடுப்பதற்கு அதே குரூப் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆபரேஷன் தள்ளிப்போகச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. "பாவம், ஒரு வாய் காபி" என்று காலையில் கொடுத்துவிடுவது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் கலந்த எதுவும் கெட்டி உணவுக் கணக்கில்தான் சேரும், 6 மணி நேரம் வேண்டும். பிரியாணி, பரோட்டா போன்றவற்றுக்கு 8 மணி நேரம். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன் வரை பரவாயில்லை, ஆனால் வார்டில் சொல்லும் நேரமே முடிவு. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போனாலும் உயிர் மிஞ்சும்.

தாலி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உலோகம் பட்ட இடத்தில் தோல் வெந்துபோகலாம். தாலியைக் கழற்ற அம்மாக்கள் அழுவார்கள். முந்தின நாளே உலோகம் இல்லாத மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று வார்டில் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், கழுத்து ஆபரேஷனாக இருந்தால் தவிர. இறுகிப்போன மூக்குத்தியைத் தியேட்டர் வாசலில் இழுக்காமல், இரண்டு நாள் முன்பே தட்டானிடம் போய்க் கழற்றி வாருங்கள்.

உள்ளே போன பிறகு காத்திருப்பு. டாக்டர் மூன்று மணி நேரம் என்றால் அது கத்தி வைத்ததிலிருந்து. மயக்கம் கொடுப்பது, பிறகு தெளிய வைப்பது, இடையில் வெட்டு எல்லையை (கட்டியை வெட்டியெடுத்த ஓரத்தை) சோதனைக்கு அனுப்பிக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம்கூட ஆகும். நேரமானால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய ஆபரேஷன் முடிந்து முதல் இரவு ஐசியுவில் வைப்பதும் வழக்கம்தான்; "ஐசியுவுக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்று ஊருக்குப் போன் போட்டு இருபது பேரைக் கிளப்பிவிட வேண்டாம். மாலையில் டாக்டர் பேசும்போது ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும்.

அடுத்து டியூப். மார்பு, கழுத்து ஆபரேஷனில் உள்ளே கசியும் நீரை உறிஞ்சும் பாட்டில் ஒன்று டியூபில் தொங்கும். அது அமுங்கியிருந்தால்தான் வேலை செய்கிறது. உப்பிவிட்டால் உறிஞ்சுவது நின்றுவிட்டது. நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி காலிசெய்து, அமுக்கி மூட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி என்று அளந்து, நிறத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம், இதுதான் முறையான போக்கு. மார்பில் பொதுவாக 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுத்துவிடுவார்கள். நோட்டு இல்லாமல் வந்தால் டாக்டருக்குத் தெரியாது, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்பார். நிறம் திடீரென்று புது ரத்தமாகி பாட்டில் நிரம்பினாலும், கழுத்து ஆபரேஷனில் சாப்பிட்ட பிறகு பால் போல வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். டியூப் அடைத்துக்கொண்டால் பாட்டிலில் ஒன்றும் வராது, டியூபைச் சுற்றிக் கசியும், தோல் உப்பும். அளவு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

வயிற்றில் பை வைத்தவர்களுக்கு: வெளியே தெரியும் குடல்முனை உதட்டு உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது துளி ரத்தம் வருவது இயல்பு. கறுத்தாலோ ஊதா நிறமானாலோ காத்திருக்கக் கூடாது. பையின் தட்டில் வெட்டும் வட்டம் குடல்முனையைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். அதிகமானால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். தோலில் தேங்காய் எண்ணெய் தடவினால் தட்டு ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலிசெய்யுங்கள், நிரம்பவிட்டால் கனத்தில் பிய்ந்துவிடும். சிறுகுடலில் வைத்த பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உப்பும் நீரும் சேர்ந்து வெளியேறுகின்றன. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூக்கு டியூப் வழியாகத்தான் சாப்பாடு. இங்கே நம் ராகிக் கூழே எதிரி. சூடாக இருக்கும்போது தண்ணீராகத் தெரியும். ஆற ஆறக் கெட்டிப்பட்டு டியூபை அடைத்துவிடும். ராகியை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவில் காய்ச்சினால் முளையிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும், கஞ்சி ஆறினாலும் நீர்க்கவே இருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, பால், பருப்புத் தண்ணீர் சேர்த்து ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி. நோயாளி சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே. சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள், பிஸ்டனை வைத்துத் தள்ளாதீர்கள். கஞ்சிக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட வேண்டும். மூக்கருகே டியூபில் பேனாவால் போட்ட குறி நகர்ந்திருந்தால், அல்லது கொடுக்கும்போது இருமினால், உடனே நிறுத்துங்கள். வெளியே வந்துவிட்ட டியூபை வீட்டில் உள்ளே தள்ளவே கூடாது.

தொண்டையில் குழாய் உள்ளவர் கூப்பிட முடியாது. தலைமாட்டில் ஒரு மணி வையுங்கள், மாட்டுக் கழுத்து மணியே போதும். எழுதத் தெரியாதவராக இருந்தால் தண்ணீர், வலி, சிறுநீர், சளி என்று நான்கு படம் வரைந்த அட்டை. உள்குழாயைக் கழுவும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டில் இரண்டு பேர் தங்கள் கையால் செய்து காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், பார்த்துக்கொண்டது போதாது.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு கொடுக்காமல், எழுதிக்கொடுத்த மணிக்குக் கொடுங்கள். வலி தாங்காதவர் இருமமாட்டார், நடக்கமாட்டார். சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். மார்ஃபின் எழுதினால் பழக்கமாகிவிடும் என்று வீட்டாரே குறைத்துவிடுகிறார்கள். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் எடுப்பது போதைப் பழக்கம் ஆகாது. மலச்சிக்கல்தான் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். வயிறு, இடுப்புக்குழி ஆபரேஷன் ஆன சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி 4 வாரம் வரை எழுதுவார்கள். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

பத்தியம் என்ற பெயரில் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பருப்பு சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது என்று சொல்லி ரசச்சோறும் பிரெட்டும் கொடுத்தே ஒரு மாதம் ஓட்டுவார்கள். சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் அல்ல. புண் ஆறுவதற்கான சரக்கே புரதம்தான். டாக்டர் தடுக்காதவரை எல்லாம் கொடுக்கலாம். மாமியார் ஒத்துக்கொள்ளாவிட்டால், டாக்டர் வாயாலேயே அவர் முன்னால் சொல்ல வைத்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் பயணத்துக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுத் தையல் உள்ளவர் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டால் தொப்பூர் கணவாயிலும் வேகத்தடைகளிலும் வலி குறையும்; இருமும்போதும் அப்படித்தான். சீட் பெல்ட்டைத் தலையணைக்கு மேல் போடலாகாது, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் போட வேண்டும். வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, அவரை ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். டியூப் பாட்டிலும் மூத்திரப் பையும் எப்போதும் உடம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வேண்டியவை: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, தையலைச் சுற்றிச் சிவந்து சூடாகி நாற்றமெடுப்பது, ஒரே காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச் சதையில் வலியும், வயிறு உப்பி வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத ரத்தம் என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரைத் தேடிப் பெங்களூருக்குக் கிளம்பாதீர்கள். 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள், பைலோடு.

கட்டு மாற்றவும் தையல் பிரிக்கவும் ஒவ்வொரு முறையும் நூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. ஆபரேஷன் செய்தவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கினால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்; வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து செய்வது அதில் உண்டு. மார்பு ஆபரேஷன் ஆன பெண்களுக்குத் தோள் இறுகாமல் இருக்க, சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியை இவர்களிடமே கேட்டுச் செய்யலாம். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் தாளோடு, எந்த டியூப் எப்போது எடுப்பது, கட்டு எத்தனை நாளுக்கு, இரவில் யாரைக் கூப்பிடுவது, அடுத்து எந்தத் தேதி என்று நான்கு விஷயங்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி மருத்துவமனைகளை உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும். அதுவரை, கிளம்பும் முன் நர்ஸிடம் கேட்டு நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பலரும் தவறவிடும் ஒன்று. எடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். வெட்டு எல்லையில் நோய் இருக்கிறதா, எத்தனை நெரிக்கட்டியில் பரவியிருக்கிறது என்பது அதில்தான் தெரியும். கீமோ வேண்டுமா, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பதானால் ஆபரேஷன் ஆன 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பெருங்குடலுக்குக் கீமோ என்றால் 8 வாரத்துக்குள். புண் ஆறியது, நன்றாகச் சாப்பிடுகிறார், ஆடி முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று இந்த வாரங்களைத் தவறவிட்டு, கழுத்தில் புதுக் கட்டியோடு திரும்பி வருகிறார்கள். ரிப்போர்ட் வாங்க நோயாளி போகத் தேவையில்லை. ஓபி சீட்டோடு வீட்டார் ஒருவர் போனால் பெரும்பாலான இடங்களில் கொடுத்துவிடுவார்கள். முதல் நாள் வேலை பிரித்தபோது காகிதத்துக்கென்று ஒருவரை வைத்தோமே, அவர் ஆபரேஷன் ஆன பன்னிரண்டாம் நாள் போன் செய்து கேட்டு, பதினைந்தாம் நாள் பஸ் ஏறட்டும்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சை வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்கள் இருவர்,
தருமபுரி.